மொட்டை மாடி பொது. அதன் சூடும் பொது

சென்னையின் பழைய ஃபிளாட்டுகளில் மேல்மாடி வீட்டுக்கு வெயில் உச்சத்துக்கு வரும் நேரம் இரவு எட்டு மணி. பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம், வாங்கி வைத்த சூட்டைக் கீழே இறக்குவது அப்போதுதான். வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், அடுப்பு எரியும், பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் கூரையை ஒட்டி நின்ற அனல் தலைமேல் இறங்கும். படுக்கை சுடும், சுவர் சுடும். வயதானவர்கள் பாயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார்கள். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் அதே நேரம் ஃபேனை மூன்றில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத் தூங்குகிறார்கள். ஒரே கதவு எண், ஒரே சங்கம், ஒரே மெயின்டனன்ஸ் தொகை. வெயில் மட்டும் மேல்மாடி வீடுகளுக்கு.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். 1990-களில் சிவில் டிப்ளமோ முடித்து சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், மடிப்பாக்கம், அம்பத்தூர் என்று எங்கு பார்த்தாலும் தனி வீடுகள் இடிபட்டு மூன்று மாடி ஃபிளாட்டுகள் எழுந்துகொண்டிருந்தன. அன்று நான் நின்று கான்கிரீட் போட்ட சில கட்டடங்களுக்கே இன்று ஒழுகலை அடைக்கப் போகிறேன். சங்கத்துக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். மழைக்கு முன்னால் ஒழுகலை நிறுத்த முடியுமா? இல்லாவிட்டால் பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டிவிடலாமா? இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வேலை இருக்கிறது. நிற்கும் கட்டடத்தை, ஆட்களை வெளியேற்றாமல், சூடு குறைந்ததாக, கரண்ட் குறைவாகச் சாப்பிடுவதாக மாற்றும் வேலை. அதைச் சங்கங்களும் பேசுவதில்லை, அரசும் பேசுவதில்லை. அந்த வேலை மொட்டை மாடியில்தான் தொடங்க வேண்டும், அதன் செலவைக் கட்டடம் முழுவதும் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோடையின் உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1 கிலோவாட். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் 90 கிலோவாட்டுக்கு மேல். பாசியும் புகையும் படிந்து கறுத்த தளம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மே மாதம் மூன்று மணிக்கு லேசர் தெர்மாமீட்டரை அப்படிப்பட்ட தளத்தில் காட்டினால் 55, 60 என்று எண் ஏறும். பக்கத்திலேயே வெள்ளை அடித்துச் சுத்தமாக வைத்திருக்கும் இடத்தில் காட்டினால் நாற்பது, நாற்பத்தைந்துக்குள் நிற்கும். ராத்திரி மேல்மாடி வீட்டு சீலிங்கில் 38, 39 இருக்கும். மனிதத் தோலின் வெப்பம் 34, 35 டிகிரிதான். அதைவிடச் சூடான கூரைக்குக் கீழே படுத்திருப்பவரின் உடம்பு, தன் சூட்டை அந்தப் பக்கமாக வெளியே தள்ள முடியாமல் கூரையின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. ஃபேன் ஓடினாலும் கூரையிலிருந்து வரும் இந்தக் கதிர்வீச்சு குறையாது. ஏசி போட்டால் காற்று குளிரும். கூரை சுட்டுக்கொண்டே இருப்பதால் கம்ப்ரஸருக்கு ஓய்வே கிடையாது.

பழைய கொத்தனார்கள் இதைத் தெரிந்தேதான் தளத்தின்மேல் சுருக்கி போட்டார்கள். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அதன்மேல் தட்டோடு பதித்து, மழைத்தண்ணீர் ஓட வாட்டம் விடுவார்கள். தண்ணீரைத் தடுக்க வந்த அந்த அடுக்கு வெயிலையும் ஓரளவு தடுத்தது. நான் வேலைக்கு வந்த காலத்திலேயே தட்டுவதற்கு ஆளும் குறைவு, பொறுமையும் குறைவு. பல இடங்களில் கனம் குறைந்தது, சுண்ணாம்பு இருந்த இடத்துக்கு சிமெண்ட் வந்தது. இருபது, முப்பது வருடத்தில் ஓடு பெயர்ந்து, இடுக்கில் அரசங்கன்று முளைத்து, படுக்கையறையில் சொட்ட ஆரம்பித்ததும் சங்கம் அவசரமாகக் கூடும். மேலே ஒரு கறுப்புத் தார்ப் பூச்சோ தார் ஷீட்டோ வரும். ஒழுகல் நிற்கும். கறுப்பானதால் மேல்மாடியில் சூடு முன்னைவிட ஏறும். நானூறு சதுர அடி வீட்டிலும் ஏசி வாங்குவது அந்தக் கோடையில்தான்.

ஒழுகலுக்குச் செலவழிக்கும் அதே நேரத்தில் வெயிலுக்கும் சேர்த்துச் செய்தால் கூடுதல் செலவு சொற்பம். ஆள் கூலி, பழைய ஓட்டைக் கொத்தி எடுப்பது, குப்பையை இறக்குவது, சாரம், தண்ணீர் எல்லாம் எப்படியும் ஆகும் செலவு. நங்கநல்லூரில் ஒரு கட்டடம்: தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், தளத்துக்கு நான்கு வீடு, லிஃப்ட் இல்லை, மாடி 3,800 சதுர அடி. ஒழுகல் வேலையோடு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சையும் சேர்க்கச் சொன்னேன். சதுர அடிக்குக் கூடுதலாக 30 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,14,000. பன்னிரண்டு வீடும் பகிர்ந்தால் வீட்டுக்கு 9,500 ரூபாய். மேல்மாடி நான்கு வீடு மட்டும் போட்டால் வீட்டுக்கு 28,500. அந்தக் கூட்டத்தில் தரைத்தளத்து உரிமையாளர் ஒருவர் எழுந்து, "ஒழுகலுக்குக் கேளுங்க, தர்றேன். மேல இருக்கறவங்க குளு குளுன்னு தூங்கறதுக்கு நான் ஏன் சார் தரணும்?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. பல சங்கங்களில் இந்தக் கேள்வி வேறு வேறு குரலில் வரும்.

அவருக்குப் பதில் சொன்னது இரண்டாம் தளத்தில் இருந்த மூத்த பெண்மணி. "போன வருஷம் டிரெயினேஜ் அடைச்சுண்டு உங்க பாத்ரூம்லதானே பொங்கித்து? எங்காத்துக்கு ஒரு சொட்டு வரலை. லாரி வந்து எடுத்தா, நாங்களும்தானே காசு போட்டோம்?" அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஃபிளாட் வாழ்க்கையின் கணக்கே இதுதான். சாக்கடை அடைத்தால் அவதி கீழ் வீட்டுக்கு, செலவு எல்லோருக்கும். டேங்க் விரிசல் விட்டால் அவதி மேல் வீட்டுக்கு, செலவு எல்லோருக்கும். பத்திரத்தில் மொட்டை மாடி பொது என்று எழுதிக்கொண்டு, கல்யாணத்துக்கு அங்கே பந்தல் போட்டு, வடாம் காயவைத்து, துணி உலர்த்திவிட்டு, அதன் வழியாக இறங்கும் சூட்டை மட்டும் நான்கு குடும்பத்தின் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

தரைத்தளத்துக்காரர் தன் சொந்த நலனுக்காகவும் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தினமும் பகலில் விரிந்து இரவில் சுருங்கும் தளம், சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். கைப்பிடிச் சுவரின் அடியில் முதலில் தெரியும் அந்தக் கோட்டின் வழியாகத்தான் வடகிழக்குப் பருவமழை உள்ளே இறங்கும். தண்ணீர் கம்பியைத் தொட்டால் துரு; துருப்பிடித்த கம்பி பருத்து, கீழிருக்கும் கான்கிரீட்டை உதிர்த்துத் தள்ளும். தளத்தின் வெப்ப ஏற்றத்தாழ்வைக் குறைத்தால் இந்த விரிசல்களும் குறையும். கட்டடத்தின் ஆயுள் என்றால் அவருடைய வீட்டின் ஆயுளும்தான்.

என்ன போடலாம் என்பதில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. கையில் காசே இல்லையென்றால் மாடியை நன்றாகக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு மழைக்காலத்தில் பெருமளவு கரைந்துவிடும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கோடைக்குப் பலன் உறுதி. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் கூல் ரூஃப் பெயிண்ட். அதிலும் தூசி படிந்தால் பலன் இறங்கும். பங்குனி பிறப்பதற்குள் ஒருமுறை தேய்த்துக் கழுவ வாட்ச்மேனிடம் சொல்லி வைக்க வேண்டும். தட்டோடுகளையே மாற்றப் போகிறீர்கள் என்றால் வெள்ளை நிற டைல்ஸ். பெரிய வேலைக்குத் துணிந்த சங்கங்கள் தளத்தின்மேல் வெப்பத்தடுப்புப் பலகை வைத்து அதன்மேல் சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் போடலாம். நிரந்தரமான தீர்வு அதுதான். பழைய சுருக்கியைக் கொத்தி எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்கு ஏற்றும் வேலைக்கு மட்டும் யாரும் சம்மதிக்காதீர்கள். மூன்று அங்குலச் சுருக்கியே சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை. நாற்பது வருடத் தளத்தின்மேல் அதை இரட்டிப்பாக்கக் கூடாது.

மேல்மாடி வீட்டுக்காரர்கள் பலர் யாரையும் நம்பாமல் உள்ளேயே ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொள்கிறார்கள். கொஞ்சம் சூடு குறைவது உண்மை. ஆனால் சூடு தளத்திலேயே நிற்கும், ஒழுகல் கண்ணுக்குத் தெரியாது, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்தாலும் பலகைக்கு மேலேயே விழுந்து கிடக்கும். அப்படி ஒரு சீலிங்கைப் பிரித்தபோது உள்ளே கிடந்த கான்கிரீட் துண்டுகளைப் பார்த்து அந்த வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மொட்டைக் கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். மாடியில் தகர ஷீட் பந்தல் போடுவதும் அப்படித்தான். நிழல் கிடைக்கும், அனுமதி கிடைக்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று எத்தனை ஷீட்டுகள் தெருவில் பறந்தன என்பதை அன்று ஊரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். தெற்கு ஜன்னலுக்குமேல் இரண்டடி சன்ஷேட் இருந்தால் போதும். மேற்கில் சூரியன் தாழ்ந்து வந்து நேராக உள்ளே அடிக்கும், சன்ஷேடால் பயனில்லை. உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகு அது வீட்டுச் சூடுதான். வெளியே மூங்கில் தட்டி கட்டினால் சுவருக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடும். நம் பாட்டி வீடுகளில் இருந்த அந்தத் தட்டியைவிட மலிவான, சிறந்த கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. இதற்கு நேர்மாறான வேலை ஒன்று ஊர் முழுக்க நடக்கிறது. பால்கனியை அலுமினியச் சட்டமும் சறுக்குக் கண்ணாடியும் போட்டு அடைத்துவிடுகிறோம். நிழல் தந்த பால்கனி கண்ணாடிக் கூண்டாகிறது. சறுக்குக் கதவில் பாதிதான் திறக்கும் என்பதால் மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்றிலும் பாதியைத் தடுத்துவிடுகிறோம்.

ஏசி இன்னொருவர் வீட்டைச் சுடும் கதையும் பழைய ஃபிளாட்டுகளில் சாதாரணம். ஒன்றரை டன் ஏசி முழு அளவில் ஓடினால் ஆறு கிலோவாட்டுக்கு மேல் சூட்டை வெளியே தள்ளும். அதன் வெளி யூனிட்டைக் காற்றோட்டத்துக்கென்று விட்ட டக்ட்டில் மாட்டினால் எதிர் வீட்டுச் சமையலறை ஜன்னல் அதை வாங்கிக்கொள்ளும். 1980-களில் இந்த வீடுகளுக்கு ஒயரிங் செய்தபோது கணக்கில் இருந்தவை நான்கு ஃபேன், ஆறு லைட், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மிக்ஸி. இன்று அதே மெயின் ஒயரில் மூன்று ஏசி. மே மாதம் மாடிப்படி அடியில் இருக்கும் மீட்டர் போர்டு கருகுவதன் காரணம் இதுதான். ஏசி வாங்குபவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தூங்க முடியாதவர் வேறு என்ன செய்வார்? முதலில் கூரையைக் குளிர்வித்தால் இரண்டு ஏசி ஓடும் இடத்தில் ஒன்று போதும், அதையும் ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டியதில்லை.

ஃபேனை யாரும் பொருட்படுத்துவதில்லை. பழைய ஃபேன் ஒன்று முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் ஓடும் மூன்று ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 130 யூனிட் மிச்சம். அரசு இலவசமாகத் தந்து வந்த 100 யூனிட்டைவிட இது அதிகம். நம் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு உள்ள குறைந்த விலையும் போய்விடும். கோடையில் 600 காட்டும் மீட்டர் 470-க்கு இறங்கினால் பில்லில் இறங்குவது 130 யூனிட்டின் விலை மட்டும் அல்ல என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பொது மீட்டருக்கு வருவோம். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் அடுக்குமாடிகளின் பொது இணைப்புக்குத் தனி விகிதம் வந்தது, யூனிட்டுக்கு 8 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியதும் 2023-ல் பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். நான் சொன்ன நங்கநல்லூர் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. இரண்டு வீடு கூடிப்போனதால் அந்த அறிவிப்பு அவர்களுக்கு உதவவில்லை. அங்கே பொது பில் ஏறியதற்கு எல்லோரும் மோட்டாரைத்தான் குறை சொன்னார்கள். ஒரு நாளுக்கு ஏழாயிரம் லிட்டரைச் சம்ப்பிலிருந்து ஐம்பதடி ஏற்றப் பழைய மோட்டாருக்கும் ஒன்றிரண்டு யூனிட் போதும். படிக்கட்டிலும் காம்பவுண்டிலும் பழைய சோக் வைத்த எட்டு டியூப்லைட் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஐந்து யூனிட். எல்இடி மாற்றினால் ஒன்றிரண்டு. நூற்றுக்கணக்கான அடி ஆழ போர்வெல்லிலிருந்து நேராக மேலே ஏற்றும் கட்டடங்களில் மோட்டாரின் கணக்கு வேறு. அங்கே ஒழுகும் குழாய் ஒவ்வொன்றும் கரண்ட் பில்தான்.

இவ்வளவும் செய்வதற்குப் பதில் இடித்துக் கட்டிவிடலாமே என்ற யோசனை இன்று எல்லாச் சங்கங்களிலும் ஓடுகிறது. 2019-ன் கட்டட விதிகள் கட்டக்கூடிய பரப்பின் அளவை, அதாவது எஃப்எஸ்ஐயை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. 2022-ன் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானம் செய்யலாம் என்றானது. அதுவரை ஒரே ஒருவர் மறுத்தாலும் எதுவும் நகராமல் கிடந்த கட்டடங்களுக்கு இது நல்ல மாற்றம். சில கட்டடங்கள் இடிபட்டே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், நொடியில் சரிந்தது. விரிசலைக் கவனித்து முன்கூட்டியே ஆட்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. கடலோரத்தில் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிட்ட கட்டடங்களைப் பூசி மெழுகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சூப்பர்வைசராக உள்ளே நுழைந்து சுத்தியால் தட்டிப் பார்க்கும் கட்டடங்களில் பல இன்னும் நல்ல திடத்தோடு இருக்கின்றன. அவற்றை இடிக்கச் சொல்லும் காரணம் கான்கிரீட்டில் இல்லை, எஃப்எஸ்ஐ கணக்கில் இருக்கிறது. இடிபடும் ஒவ்வொரு கட்டடத்தோடும் அதைக் கட்ட எரித்த செங்கல், சிமெண்ட், உருக்கிய கம்பி எல்லாவற்றின் ஆற்றலும் குப்பை லாரியில் ஏறுகிறது. மறுபடியும் முதலிலிருந்து எரிக்க வேண்டும். புதுக் கட்டடத்தில் மிச்சமாகும் கரண்ட் அந்தக் கடனை அடைக்கவே பல வருடம் ஆகும். மூன்று வருடம் வாடகை வீட்டில் காத்திருக்க முடியாத முதியவர்களின் கணக்கு தனி.

இடிக்காமலும் செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம், பிரான்ஸின் போர்தோ நகரில் உள்ள கிராண்ட் பார்க் என்ற குடியிருப்பு. 1960-களில் எழுந்த மூன்று பெரிய பிளாக்குகள், 530 வீடுகள். அன் லக்காதோன், ழான்-ஃபிலிப் வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் வேறு கலைஞர்களோடு சேர்ந்து அதை இடிக்காமல், வீட்டின் முகப்பு முழுவதும் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் ஆழத்துக்குப் புதிய கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் சேர்த்தார்கள். வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 2021-ல் அந்த இருவருக்கும் கட்டடக் கலையின் உயரிய பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அந்த ஊருக்குக் குளிர் பிரச்சினை, நமக்கு வெயில் பிரச்சினை. நாம் அதே தாழ்வாரத்தைக் கட்ட வேண்டியதில்லை. ஆட்களைக் காலி செய்யாமல் பழைய குடியிருப்பைத் தரமாக்க முடியும் என்பதை ஒரு பெரிய நகரம் செய்து காட்டியிருக்கிறது.

அரசுக்கு வருகிறேன். 2024 மே 2-ஆம் தேதி தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. பேரிடர் என்று ஏற்றுக்கொண்ட பிறகு அது வீட்டுக்குள் இறங்கும் வழியான கூரையைப் பற்றியும் பேசியாக வேண்டும். மத்திய அரசு 2018-ல் குடியிருப்புகளுக்கென எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. ஒரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கூரை வழியாக இறங்கக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளத்தில் இந்த எண் மூன்றுக்கு மேல். அந்த விதி புதிதாகக் கட்டுபவர்களை நோக்கியே பேசுகிறது. நின்றுகொண்டிருக்கும் லட்சக்கணக்கான வீடுகள் அதன் பார்வையில் இல்லை. தெலங்கானா 2023-ல் கூல் ரூஃபுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. 2010-ன் கொடும் வெயிலில் மக்களைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வகுத்துப் பிறகு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை அடித்தது. நம்மிடம் கொத்தனாரும் உண்டு, பொருளும் உண்டு.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்கள் பொதுப் பயன்பாட்டுக்கு சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல திட்டம், சோலார் தகட்டின் நிழலே தளத்தைக் கொஞ்சம் குளிர்விக்கும். ஆனால் அதே தளத்துக்கு வெப்பத்தடுப்புப் போட எனக்குத் தெரிந்து ஒரு ரூபாய் மானியம் கிடையாது. வீட்டுக்கடன் தரத் தேடி வரும் வங்கிகளில் சங்கத்துக்குக் கடன் தந்த ஒன்றையும் நான் பார்த்ததில்லை. சங்கத்திடம் அடமானம் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். அதனால் எல்லாம் ஒரே தவணையில் வசூல். ஓய்வூதியத்தில் வாழ்பவர் தயங்குகிறார், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் பதிலே போடுவதில்லை. அவர் வீட்டில் கரண்ட் பில் கட்டுவதும் தூங்காமல் கிடப்பதும் வாடகைக்காரர். கூட்டத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு போதும் என்று வழி திறந்த அரசு, சீரமைப்புக்கும் வழி திறக்கட்டும். மொட்டை மாடியில் பெரிய பழுதுவேலை எடுத்தால் வெப்பத்தடுப்பும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவரட்டும். அந்தச் செலவைப் பொதுச் செலவு என்று துணைவிதிகளில் எழுதச் சொல்லட்டும். மாதாமாதம் மெயின்டனன்ஸோடு திருப்பிச் செலுத்தும் குறைந்த வட்டிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் நிற்கட்டும். வெளியூரில் இருப்பவர் கட்ட மறுத்தால் வாடகையில் கழித்துக்கொள்ள வாடகைக்காரருக்கு உரிமை தரட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. மழை முடிந்து பொங்கலுக்குப் பிறகு, தை, மாசியில்தான் தளம் நன்றாகக் காய்ந்திருக்கும். மாடி வேலைக்கு அதுதான் காலம். அதற்கு முன் கூடும் பொதுக்குழுவில் ஒழுகல், வெப்பத்தடுப்பு இரண்டையும் ஒரே தீர்மானமாக வையுங்கள். பிரித்து வைத்தால் இரண்டாவது தோற்கும். செலவை யூடிஎஸ், அதாவது மனையில் ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கின்படி எல்லா வீட்டுக்கும் பிரியுங்கள். கொட்டேஷனில் என்ன பொருள், எத்தனை கோட், எத்தனை வருட உத்தரவாதம் என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். வேலைக்கு முந்தைய மே மாதத்திலேயே மாடியிலும் சீலிங்கிலும் வெப்பத்தை அளந்து மினிட்ஸ் புத்தகத்தில் பதியுங்கள். கடைசித் தவணையில் பத்து சதவீதத்தை நிறுத்தி வைத்து, அடுத்த மே மாதத்தில் அதே இடங்களில் மறுபடி அளந்து பார்த்த பிறகு கான்ட்ராக்டருக்குக் கொடுங்கள்.